குடிநீர் அலுவலகத்தின் மூன்று முள் தூண்டில்

நெருப்பு, சக்கரம், ரப்பர் முத்திரை. மனித குலத்தின் மாபெரும் சாதனைகள் இத்தோடு முடிந்துவிட்டன என்று எண்ணிச் சோர்ந்திருப்பவர்களுக்கு மகிழ்ச்சியோடு ஒன்றை அறிவித்துக்கொள்கிறேன். நான்காவது சாதனையும் நிகழ்ந்துவிட்டது. எங்கள் குடிநீர் அலுவலகம் ஒரு தூண்டிலைத் தேர்ந்தெடுத்திருக்கிறது.

வாங்கியிருக்கிறது என்று சொல்லவில்லை, கவனிக்கவும். தூண்டிலை எந்த வழிப்போக்கனும் வாங்கலாம். கடைக்குப் போவான், கையில் எடுத்து ஆட்டிப் பார்ப்பான், தோளில் சாத்திக்கொண்டு குளத்துக்குப் போய்விடுவான். மாலையில் வீட்டில் மீன் வாசனை வரும். அது அற்பர்களின் பாதை. நாங்கள் தேர்ந்தெடுத்தோம். மீன் வாசனை எங்கள் கோப்புகளில்கூட அடிக்கவில்லை. அவ்வளவு சுத்தமான தேர்வு.

காரணம், எங்கள் தலைமைப் பொறியாளர் ஓய்வு பெறவிருந்தார். ஆயுள் முழுவதையும் தண்ணீருக்கே அர்ப்பணித்தவர். ஒருநாளும் நனைந்ததில்லை. வழக்கமாக ஓய்வு பெறுகிறவர்களுக்கு நாங்கள் சுவர்க் கடிகாரம் கொடுப்போம். பணியில் இருந்தவரை நேரத்தைப் பார்க்காதவர்கள் இனிமேலாவது பார்க்கட்டுமே என்ற நல்லெண்ணம்தான். ஆனால் இவர் முன்கூட்டியே என்னை அறைக்கு அழைத்தார்.

"கடிகாரம் வேண்டாம்யா. எனக்கு ஒரு தூண்டில் வாங்கிக் கொடுத்துடுங்க."

"ஐயா மீன் பிடிப்பீங்களா?"

"இதுவரைக்கும் இல்ல. ஆனா ரிட்டயர் ஆனப்புறம் சும்மா உக்காந்திருக்கணும். சும்மா உக்காந்திருக்கான்னு யாரும் சொல்லிடவும் கூடாது. அதுக்குத் தோதா வேற என்ன இருக்கு, சொல்லு?"

மீன்பிடிப்பை இதைவிடச் சுருக்கமாக யாரும் வரையறுத்ததாகத் தெரியவில்லை. எங்கள் அலுவலகத்தையும்தான்.

அன்றே 'தூண்டில் தேர்வுக் குழு' உதயமானது. கண்காணிப்பாளரான நான் அமைப்பாளர். நான் மீன் விரும்பிச் சாப்பிடுவேன் என்பது அலுவலகம் அறிந்த செய்தி. துறை அனுபவம் என்று வேறு யாரிடமும் அந்த அளவுகூட இல்லை. இரண்டாவது உறுப்பினர் கணக்கர். எதைச் சொன்னாலும் 'ஆனா' என்று ஆரம்பிப்பதால் அவருக்கு 'ஆனால்' என்றே பெயர். ஒருமுறை அவர் மனைவி தொலைபேசியில் "ஆனால் இருக்காரா?" என்று கேட்டதாகச் சொல்வார்கள். மூன்றாவது, இளநிலைப் பொறியாளர். உலகில் உள்ள எல்லாவற்றையும் கைப்பேசியில் பார்த்தே கற்றுக்கொண்டவர், பாலம் கட்டுவது உட்பட. அவர் பெயர் 'வீடியோ'.

இந்த நேரத்தில்தானா இடையூறு வரவேண்டும்? ஒரு தையல்காரம்மா வந்தார்.

வந்துகொண்டே இருந்தார் என்பது சரி. அவர் தெருவுக்குக் குழாய் பதித்தாகிவிட்டது. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் பளபளவென்று பித்தளைக் குழாய் வைத்தாகிவிட்டது. திறந்தால் காற்று வரும். தரமான காற்று. தண்ணீர் வரவேண்டுமானால் நீர்த்தேக்கக் கரையில் இருக்கும் வால்வு அறையைத் திறந்து, சக்கரத்தைத் திருக வேண்டும். அவ்வளவுதான். அதற்குத் தலைமைப் பொறியாளரின் உத்தரவு வேண்டும். அவரோ, ஓய்வு பெறும் அதிகாரி தன் கையால் எதையாவது திறந்துவைத்துவிட்டுத்தான் போக வேண்டும் என்ற கொள்கை உடையவர். வேறு எதையும் அவர் கட்டிவைத்திருக்கவில்லை. ஆகவே அந்த வால்வைப் பத்திரப்படுத்தி வைத்திருந்தார்.

"சார், என் கையைப் பாருங்க" என்றார் தையல்காரம்மா. வலது மணிக்கட்டில் துணி சுற்றியிருந்தது. "அடுத்த தெருவுல இருந்து குடம் தூக்கித் தூக்கி இந்த நிலைமை. கத்திரியைப் பிடிச்சா விண்ணு விண்ணுன்னு தெறிக்குது. போன வாரம் ஒருத்தர் கல்யாணச் சட்டைக்குக் கையைக் கோணலா வெட்டிட்டேன். மாப்பிள்ளை மேடையில ஒரு கையைத் தூக்கிட்டே நின்னாராம். இனி எவன் என்கிட்ட துணி கொடுப்பான்?"

"அம்மா, அதுக்கு மருத்துவமனை இருக்கு. இது குடிநீர் அலுவலகம்."

"தெரிஞ்சுதான் சார் வந்தேன். மணிக்கட்டுக்கு மருந்து உங்க வால்வுலதான் இருக்கு. பெரியவர் ரிட்டயர் ஆகிட்டார்னா அடுத்து வர்றவர் குழாய் நேரா போட்டிருக்கா, வளைஞ்சு போட்டிருக்கான்னு முதல்ல இருந்து ஆரம்பிப்பார். அதுக்குள்ள என் கையே போயிடும். அவர் இருக்கும்போதே திறந்துடச் சொல்லுங்க."

"கண்டிப்பா. உக்காருங்க. முக்கியமான கூட்டம் ஒண்ணு இருக்கு, முடிச்சுட்டு வந்துடறேன்."

அது கம்பு பற்றிய கூட்டம்.

வீடியோ ஆரம்பித்தார். "சார், கரையில நின்னு வீசறதுக்கு ஆறு, ஏழு அடிக் கம்பு போதும். கையாள சுலபம்."

"ஆனா" என்றார் ஆனால், "ஏழு அடி செயற்பொறியாளருக்குச் சரி. தலைமைப் பொறியாளருக்கு ஏழு அடின்னா பார்க்கிறவங்க என்ன நினைப்பாங்க?"

நியாயமான கேள்வி. பதவிக்கும் மேசைக்கும் பொருத்தம் பார்க்கிறோம், பதவிக்கும் நாற்காலி முதுகுக்கும் பொருத்தம் பார்க்கிறோம்; கம்பை மட்டும் எப்படி விடுவது? பன்னிரண்டு அடி என்று ஒருமனதாக முடிவாயிற்று. இரண்டு துண்டாகக் கழற்றி மாட்டும் கம்பு ஒன்று இருப்பதாக வீடியோ சொன்னார். ஒரு மூத்த அதிகாரிக்குப் பிரிவு உபசாரத்தில் இரண்டாக உடைந்த பொருளைக் கொடுப்பதா என்று ஆனால் கண் கலங்கிவிட்டார். ஒரே துண்டு. ஜீப்பில் வைக்க முடியாதே என்றால், ஜன்னல் எதற்கு இருக்கிறது?

அடுத்தது வளைவு.

"நல்ல கம்புன்னா நுனி பட்டுன்னு வளையணும் சார்" என்றார் வீடியோ. "ஆனா அடிப்பக்கம் அசையக் கூடாது. மேல வளையணும், கீழ விறைப்பா நிக்கணும்."

நாங்கள் மூவரும் ஒரே நேரத்தில் தலைமைப் பொறியாளரின் அறைக் கதவைப் பார்த்தோம். மேலிடத்திலிருந்து தொலைபேசி வந்தால் அவர் நிற்கும் நிலையும், பொதுமக்கள் வந்தால் அவர் அமரும் நிலையும் கண்முன் வந்தன. கம்பின் தன்மை இறுதி செய்யப்பட்டது.

கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது தையல்காரம்மா அதே பெஞ்சில் இருந்தார்.

"என்ன சார் முடிவாச்சு?"

"பன்னிரண்டு அடி."

"எங்க தெரு வால்வா?"

"கம்பு."

அவர் பெஞ்சிலிருந்து எழுந்தார். "சரி சார், நாளைக்கு வர்றேன்" என்றார். பொதுமக்களின் ஒத்துழைப்பு எங்களுக்கு எப்போதுமே கிடைத்துவந்திருக்கிறது.

தூண்டில் கடைக்குக் குழு நேரடியாக ஆய்வுக்குச் சென்றது. நீளக் கண்ணாடிப் பெட்டிகள். சுவர் நிறையக் கம்புகள். நடுவில் கடைக்காரர், பல நாள் வெயிலில் காய்ந்த முகத்தோடு.

"எந்த மீனுக்கு சார்?" என்றார்.

"தலைமைப் பொறியாளருக்கு."

"சரிங்க. பிடிக்கப் போறது என்ன மீன்? விராலா, கெளுத்தியா, கெண்டையா?"

"அது இன்னும் முடிவாகலை. அதுக்குத் தனிக் கூட்டம் போடலாம்னு இருக்கோம்."

"கரையில இருந்து வீசுவாரா, படகுலயா?"

ஆனால் யோசித்தார். "ஆனா, ஐயா ஜீப்பை விட்டு இறங்கினதா எனக்கு ஞாபகம் இல்லையே."

கடைக்காரர் நூல் சுற்றும் ரீல்கள் இருந்த பெட்டியைத் திறந்தார். பொறுமை உள்ளவர். மீன் பிடிக்கிறவர்களுக்கு அது வரும் என்கிறார்கள். எங்கள் பெஞ்சில் உட்காருகிறவர்களுக்கும் வரும்.

"வலது கைப் பழக்கமா? அப்போ கம்பு வலது கையில, கைப்பிடி சுத்துறது இடது கையில. இந்த ரீல் பாருங்க."

"ஆனா எங்க ஐயா இடது கையால எந்த வேலையும் செய்ய மாட்டார்."

"வலது கையாலயும்தான்" என்றார் வீடியோ. உடனே பலமாக இருமினார். இருமல் குறிப்பில் சேர்க்கப்பட்டது.

ரீலின் தலையில் ஒரு சிறு திருகு இருந்தது. பெரிய மீன் வெடுக்கென்று இழுத்தால் நரம்பு, அதாவது தூண்டில் நூல், அறுந்துவிடாமல், அந்தத் திருகு கொஞ்சம் கொஞ்சமாக நரம்பை விட்டுக்கொடுக்குமாம். இழுக்கிறவன் களைத்ததும் நாம் சுற்றிக்கொள்ளலாமாம்.

நான் மெய்சிலிர்த்துப்போனேன். மனு கொடுக்கிறவர்களை நாங்கள் நடத்தும் முறையை ஒரு சிறு திருகுக்குள் அடக்கிவிட்டானே மனிதன்! அந்த ரீலைத்தான் வாங்க வேண்டும் என்று நானே முன்மொழிந்தேன். 'திருகை எவ்வளவு தளர்த்துவது' என்பதில் கருத்து வேறுபாடு வந்தது. விட்டுக்கொடுப்பது நிர்வாகத்துக்கு அழகல்ல என்று முழுவதுமாக இறுக்கி, யாரும் திருக முடியாதபடி அதன்மேல் அலுவலக அரக்கு முத்திரையும் வைத்தோம்.

நரம்பு விஷயத்தில் கடைக்காரர் கொஞ்சம் வாதம் செய்தார். நாங்கள் கேட்டது, இருப்பதிலேயே மெல்லியது. தண்ணீருக்குள் கண்ணுக்கே தெரியாதது. வெளிப்படைத்தன்மையில் எங்கள் அலுவலகம் யாருக்கும் சளைத்ததில்லை.

"சார், பன்னிரண்டு அடிக் கம்பு, திருகையும் இறுக்கிட்டீங்க, இதுல இந்த நூலைப் போட்டா ஒரு செருப்பு மாட்டினாக்கூட அறுந்துடும். கனம் தாங்காது."

"எங்க ஐயா இதுவரைக்கும் கனமா எதையும் இழுத்ததே இல்ல" என்றேன் பெருமையோடு.

போலி இரையில்தான் குழு பிளந்தது.

மண்புழுவை யாரும் முன்மொழியவில்லை. அலுவலகத்துக்கென்று ஒரு தரம் இருக்கிறது. ஆனால் போலிகளிலேயே எத்தனை ஜாதி! தண்ணீரில் பளிச் பளிச்சென்று சுழலும் வெள்ளிக் கரண்டி ஒன்று. அது எனக்குப் பிடித்தது. ஒன்றும் செய்யாமல் மின்னும் பொருள்களிடம் எனக்கு எப்போதும் மரியாதை உண்டு. வீடியோ ரப்பர் தவளைக்காக நின்றார். விரால் என்றால் தவளைதான் என்று ஏதோ காணொளியில் ஒரு தாடிக்காரர் சத்தியம் செய்திருக்கிறாராம். கணக்கர் ஆனால், பிளாஸ்டிக் குட்டி மீன் என்றார். "ஆனா, மீன் மீனைத்தானே நம்பும்? தவளையை நம்பி எந்த மீன் சார் உருப்பட்டிருக்கு?"

சோதனை ஒன்றே வழி. அலுவலக வரவேற்பறையில் ஒரு கண்ணாடித் தொட்டி உண்டு. அதில் ஒரு தங்க மீன். தண்ணீர் வரவில்லை என்று புகார் சொல்ல வருகிறவர்கள் காத்திருக்கும்போது பார்த்து மனம் குளிரட்டும் என்று வைத்தது. அதுவும் நன்னீர், நீர்த்தேக்கமும் நன்னீர். ஆகவே சோதனை விஞ்ஞானபூர்வமானது. கொக்கி முட்களைக் கழற்றிவிட்டு மூன்று போலிகளையும் நூலில் கட்டித் தொட்டிக்குள் இறக்கினோம். அலுவலகம் முழுவதும் வேலையை நிறுத்திவிட்டு வந்து நின்றது. வேலை நின்றதை யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை.

தங்க மீன் கரண்டியைப் பார்த்தது. தவளையைப் பார்த்தது. குட்டி மீனைப் பார்த்தது. பிறகு எங்கள் மூவரையும் பார்த்தது. திரும்பிப் போய் மூலையில் நின்றுகொண்டது.

"தீர்ப்பு சொல்ல மாட்டேங்குதே" என்றார் வீடியோ.

பெஞ்சிலிருந்து தையல்காரம்மாவின் குரல். "அதுக்கென்ன சார் அவசரம்? தண்ணிக்குள்ளேயே இருக்கிறவங்களுக்கு மத்தவங்க தொண்டை காயறது எங்க தெரியப்போகுது?"

வரவேற்பறையில் யாரோ சிரித்தார்கள். நான் அந்தக் கருத்தைப் 'பொதுமக்கள் பிரதிநிதியின் ஆலோசனை' என்று ஏற்றுக்கொண்டு, செயல்படுத்தாமல் விட்டேன்.

முடிவில் சமரசம். உலகின் பெரிய முடிவுகள் எல்லாம் இப்படித்தான் பிறக்கின்றன. கரண்டித் தலை, தவளை உடம்பு, குட்டி மீன் வால். மூன்றையும் ஒன்றாக இணைத்துத் தரக் கடைக்காரர் முதலில் மறுத்தார். இதைப் பார்த்தால் மீன் வயிறு வலிக்கச் சிரிக்கும் என்றார். முள்ளிலும் ஆளுக்கொரு பங்கு கேட்டோம். என் கரண்டிக்கு ஒரு முள் என்றால் என் தவளைக்கு ஒன்று, என் வாலுக்கு ஒன்று. ஆகவே ஒரே தண்டில் மூன்று திசையிலும் வளைந்து நிற்கும் மூன்று முள். எந்தப் பக்கம் திரும்பினாலும் எதையாவது மாட்டும். குழுவில் யாருக்கும் வருத்தமில்லை.

தையல்காரம்மாவிடம் காட்டினேன்.

"ஐயோ பாவம்" என்றார். "எப்படி செத்துச்சு?"

அவரிடம் காட்டியதற்குக் காரணம் இருந்தது. இவ்வளவு அருமையான தூண்டிலை உறையில்லாமல் பரிசளிப்பதா? பன்னிரண்டு அடிக்கு உறை எந்தக் கடையிலும் இல்லை. தினமும் நம் பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருக்கிற ஒரு தையல் நிபுணரை அலுவலகம் ஏன் பயன்படுத்திக்கொள்ளக் கூடாது என்று எனக்குத்தான் முதலில் தோன்றியது.

"உறையைத் தைச்சுக் கொடுத்தா வால்வு திறப்பீங்களா சார்?"

"அம்மா, விழாவே அதுதான். கடைசி நாள் எல்லாரும் நீர்த்தேக்கத்துக்குப் போறோம். ஐயா முதல்ல தூண்டிலை வீசறார், அடுத்து வால்வைத் திறக்கிறார். நீங்களும் வாங்க."

"சத்தியமா?"

"நிகழ்ச்சி நிரல்லயே இருக்கு."

வலிக்கிற கையோடு அவர் தைத்தார். நல்ல சிவப்பு வெல்வெட், உள்ளே மெத்தை, நுனி குத்தாமல் இருக்கத் தொப்பி. மிச்சத் துணியில், வால்வுச் சாவி வைக்கும் தட்டுக்கும் ஒரு விரிப்பு தைத்துவிட்டார். "சாவியாவது மரியாதையா வரட்டும்" என்றார். வளைவான இடங்களில் தையல் சற்றே நடுங்கியிருந்ததாக ஆனால் குறை கண்டார். கத்திரியை இடது கையால் பிடித்து வெட்டினாராம். எங்கள் ஐயாவுக்கு இல்லாத பழக்கம்.

விழா நாள் வந்தது. நீர்த்தேக்கக் கரையில் நாற்காலிகள், மைக், மாலை. கம்பு ஜீப்பின் பின் ஜன்னல் வழியே வெளியே நீட்டிக்கொண்டு வந்து சேர்ந்தது. வழியில் ஒரு சைக்கிள்காரரின் தொப்பியைத் தவிர வேறு சேதமில்லை. கரையின் ஓரத்தில் வால்வு அறை. அதற்கு ஒரு தடித்த பூட்டு. அதன் சாவியோடு வால்வுக்காரர், இஸ்திரி போட்ட சட்டையில். தெருக்காரர்கள் எல்லாரும் வீட்டுக் குழாய்க்குக் கீழே குடத்தை வைத்துவிட்டுக் காத்திருப்பதாகத் தையல்காரம்மா சொன்னார்.

"சார், முதல்ல வால்வைத் திறந்துடலாமே? ஒரு நிமிஷ வேலை. அப்புறம் ஆற அமர மீன் பிடிக்கட்டும்."

"அதெப்படிம்மா? வால்வைத் திறந்தா தண்ணி குறையும். தண்ணி குறைஞ்சா மீன் கலவரப்படும். தொழில்நுட்பம் இதெல்லாம்."

தலைமைப் பொறியாளர் உரையாற்றினார். தண்ணீர் தன்னைவிட்டுப் பிரியாது என்றார். நாங்கள் கைதட்டினோம். பிறகு தூண்டிலை உறையிலிருந்து எடுத்து, குழுவின் மூன்று உறுப்பினரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து வழங்கினோம். புகைப்படக்காரர் வால்வுக்காரரை இழுத்துவந்து, ஐயாவின் தோளுக்குப் பின்னால் நிறுத்தினார். "தட்டை இன்னும் கொஞ்சம் மேல தூக்குங்க அண்ணே. சாவியும் படத்துல விழணும்." வால்வுக்காரர் வெல்வெட் விரித்த தட்டைக் காது உயரத்துக்குத் தூக்கிப் பிடித்தார். வெயிலில் சாவியின் வளையம் மின்னியது.

ஐயா கம்பைத் தலைக்கு மேலே பின்னால் ஓங்கினார். பன்னிரண்டு அடியும் பின்னால் போயிற்று. மூன்று முள்ளும் பின்னால் போயின.

கரண்டிக்கு உரிய முள் காற்றைப் பிடித்தது. வாலுக்கு உரியது காற்றைப் பிடித்தது. தவளைக்கு உரிய முள் சாவி வளையத்தைப் பிடித்தது.

ஐயா வீசினார்.

எவ்வளவு அழகான வீச்சு! நுனி வளைந்தது, அடி விறைத்து நின்றது. வெள்ளியும் பித்தளையுமாக ஏதோ ஒன்று வானத்தில் நீண்ட வளைவு போட்டுப் பறந்து, நீர்த்தேக்கத்தின் நடுவே 'தொபுக்' என்று இறங்கியது. கைதட்டல் அடங்க வெகு நேரமாயிற்று. வால்வுக்காரர் மட்டும் தட்டவில்லை. அவர் கையில் வெறும் தட்டு இருந்தது.

"ஐயா..." என்றார்.

"பேசாதேயா. மீன் ஓடிடும்." ஐயா ரீலைச் சுற்றத் தொடங்கினார். நரம்பு விறைத்தது. கம்பு வில்லாக வளைந்தது. "மாட்டிக்கிச்சு! பெருசு! யப்பா, என்னா இழுவை!"

"விடாதீங்க ஐயா!" என்று அலுவலகமே கத்தியது. வீடியோ தவளையின் வெற்றி என்று துள்ளினார். "ஆனா வாலைப் பார்த்துதான் வந்திருக்கும்" என்றார் ஆனால். அடியில் ஏதோ பாறை இடுக்கு போலிருக்கிறது. ஐயா இழுத்தார். விட்டுக்கொடுக்க வேண்டிய திருகு அரக்கு முத்திரையோடு கம்பீரமாக இருந்தது. கண்ணுக்குத் தெரியாத நரம்பு, கண்ணுக்குத் தெரியாமலேயே அறுந்தது.

"ச்சே! தப்பிச்சிடுச்சு."

"எவ்வளவு பெருசு ஐயா?"

ஐயா இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். கை போதவில்லை.

"ஐயா, சாவி" என்றார் வால்வுக்காரர்.

"ஆமா, அடுத்தது வால்வு இல்ல? கொண்டா சாவியை."

"அதைத்தான் ஐயா இப்ப நீங்க பிடிச்சு விட்டுட்டீங்க."

மாற்றுச் சாவி உண்டா என்று கேட்டேன். உண்டு என்றார் வால்வுக்காரர். தொலைந்துவிடக் கூடாது என்று மேலிட உத்தரவுப்படி மிகப் பாதுகாப்பான இடத்தில் வைத்திருக்கிறார்கள். வால்வு அறைக்குள்ளே.

தையல்காரம்மா முன்னால் வந்தார். "பரவாயில்ல ஐயா. ஒரு கல்லு போதும். பூட்டை உடைச்சுடலாம்."

"உடைக்க உத்தரவு வேணும்மா" என்றேன்.

"யார் உத்தரவு?"

"தலைமைப் பொறியாளர் உத்தரவு."

"இதோ நிக்கிறாரே. ஐயா, ஒரு வார்த்தை சொல்லுங்க. 'உடை'ன்னு சொல்லுங்க, போதும். தெருவே குடத்தோட நிக்குது."

ஐயா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். என் பணிக்காலத்தில் அவர் அதைப் பார்த்து நான் கண்டது அந்த ஒருமுறைதான்.

"அஞ்சு மணி தாண்டிடுச்சேம்மா" என்றார் வருத்தத்தோடு. "நான் ரிட்டயர் ஆயிட்டேன்."

கம்பை வெல்வெட் உறைக்குள் செருகிக்கொண்டு ஜீப்பில் ஏறினார். ஜன்னல் வழியாகச் சிவப்புத் தொப்பி ஆடிக்கொண்டே போனது.

புதிய தலைமைப் பொறியாளர் சுறுசுறுப்பானவர். வந்த அன்றே 'சாவி மீட்புக் குழு' அமைத்தார். நன்னீரிலிருந்து பொருள்களை எடுப்பதில் முன் அனுபவம் உள்ளவர்கள் என்ற முறையில் நாங்கள் மூவருமே மீண்டும் நியமிக்கப்பட்டோம். சாவிக்கு எந்த அளவு கம்பு, எந்த ரீல், எந்த இரை என்று விவாதம் சூடுபிடித்தது. காந்தத்தைக் கட்டி இறக்கலாம் என்றார் வீடியோ. "ஆனா சாவி பித்தளையாச்சே, காந்தத்தை அது எப்படி மதிக்கும்?" என்றார் ஆனால். அப்படியானால் பித்தளையைக் கவரும் ஒரு பொருளை முதலில் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று நான் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தேன். வெளியே பெஞ்சு காலியாக இருந்தது. முதன்முறையாக நிம்மதியாகக் கூட்டம் நடத்துகிறோம் என்றுகூட நினைத்தேன்.

கூட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே தொலைபேசி வந்தது. பேசியவர் வால்வுக்காரர்.

"சார், தையல்காரம்மா வந்து பூட்டைக் கல்லால உடைச்சுட்டாங்க."

"நீங்க என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

"கல்லு எடுத்துக் கொடுத்தேன் சார். பெரிய கல்லு, அந்தக் கையால தூக்க முடியல அவங்களால."

சக்கரம் துருவேறி இறுகியிருந்ததாம். வலிக்கிற கையையும் நல்ல கையையும் சேர்த்துப் போட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு திருகியிருக்கிறார். மூன்று கூட்டம் போடாமல், முன்மொழியாமல், வழிமொழியாமல். தெருவில் எல்லாக் குழாய்களிலும் முதலில் காற்று வந்தது, பிறகு கொஞ்சம் செம்மண், பிறகு தண்ணீர். விசாரணைக்காகப் போன நான் அதை நேரில் பார்த்தேன். ஒரு வீட்டு வாசலில் தையல்காரம்மா மணிக்கட்டைக் குழாய்க்கு அடியில் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"வாங்க சார்" என்றார். "தண்ணி குடிக்கிறீங்களா?"

தாகமாகத்தான் இருந்தது. குடித்தேன். நல்ல தண்ணீர். கடுகளவுகூடக் கலங்கல் இல்லை. அதைக் குறிப்பில் சேர்க்கவில்லை.

எங்கள் அலுவலகத்தின் வேகத்தைக் குறை சொல்கிறவர்கள் கவனிக்க வேண்டும்: அன்று மாலைக்குள் வால்வு மூடப்பட்டது. உத்தரவில்லாமல் திறந்த வால்வு, திறந்த வால்வு ஆகாது. புதிய பூட்டு போட்டாயிற்று. அதன் சாவி, யார் தூண்டிலுக்கும் எட்டாதபடி, தலைமைப் பொறியாளரின் அறைச் சுவரில் தொங்குகிறது. பழைய ஐயா சுகமாக இருக்கிறார். தூண்டில் அவர் வீட்டு வரவேற்பறை மூலையில் வெல்வெட் உறையோடு நிற்கிறது. வருகிறவர்களிடம் தப்பிப்போன மீனின் அளவைக் காட்டுகிறார். மீட்புக் குழு வாரந்தோறும் கூடுகிறது.

அரசுப் பூட்டை உடைத்ததாகத் தையல்காரம்மா மீது நாங்கள் போட்ட வழக்கு திங்கட்கிழமை விசாரணைக்கு வருகிறது. முதல் சாட்சி நான்.